படுத்திருந்தாலே போதும் என்றார்கள்

முதுகெலும்பில் காசநோய் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காசநோய் என்றால் இருமல், சளி, சளியில் ரத்தம். எனக்கு இருமலே இல்லை. முதுகு மட்டும்தான் வலித்தது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருந்தேன். நாள் முழுக்கக் குனிந்தும் மல்லாந்தும் பிரஷ் பிடிக்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மனைவி லூர்து தைலம் தேய்த்துவிட்டாள். சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் என்னைக் குப்புறப் போட்டு முழங்காலால் அழுத்தினார். பிற்பாடு டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "அந்த ஆளு இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா அன்னைக்கே உன் கதை முடிஞ்சிருக்கும்யா" என்றார்.

எழுபதுகளின் கடைசியில் நடந்ததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகில் இந்த நோய் வந்து படுத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், இது தீருகிற நோய்தான், மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, என்னைப் பார்க்கிறபோதெல்லாம் சிலர் கேட்கிற கேள்வி: "கடவுள் சொன்னார்னுதானே போனே? அப்பறம் ஏன் அவர் உன் காலைப் பார்த்துக்கலை?" வாயால் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

வலி தொடங்கிய புதிதில், ஒரு பகல் பொழுதில், சேந்தமங்கலம் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஏறி மிதித்தால் முதுகு தாங்கவில்லை. எதிரே பாவாயி தலையில் புல்லுக்கட்டோடு ஓரமாக வந்துகொண்டிருந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள். வெயில் காலத்தில் பட்டறைக்கு மோர் கொண்டுவருவாள், அதனால் எனக்குப் பழக்கம். அவளுக்குப் பின்னாலிருந்து வந்த ஜீப் அவளை அடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நின்றது. ஓட்டிவந்தவன் இறங்கினான். அந்தப் பக்கத்தில் ஏகப்பட்ட நிலம் வைத்திருந்த பெரிய தோட்டக்காரரின் மகன் செல்வராசு. அவர்களுடைய லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். அவனையும் தெரியும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த டிரைவர் பழனியையும் தெரியும். செல்வராசு பாவாயியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பழனியிடம் ஏதோ சொன்னான். பழனி நகர்ந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தான். செல்வராசு சோளக்காட்டுக்குள் இறங்கி நடந்தே போய்விட்டான். நான் பாவாயியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பழனி எங்கிருந்தோ ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அவள் போய்விட்டாள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். மறுநாள், பழனி தானே ஓட்டியதாக ஒப்புக்கொண்டான், ஜாமீனும் கிடைத்துவிட்டது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அதற்குள் என் உடம்பு என்னைக் கேட்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். காலையில் எழுந்தால் பனியன் நனைந்திருக்கும். சட்டை தொளதொளத்தது. முதுகின் நடுவில் ஒரு எலும்பு மட்டும் குமிழ் போலத் துருத்தியது. ஒரு நாள் சாரத்திலிருந்து இறங்கும்போது என் கால் எங்கே ஊன்றுகிறது என்றே தெரியாமல் விழுந்தேன். லூர்து அன்றே என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய தாய் வீடு செவ்வாய்ப்பேட்டையில். அங்கே இருந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

வரிசை என்றால் அது ஒரு வரிசை. எக்ஸ்ரேக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று, பார்த்த படத்தை டாக்டரிடம் காட்ட இன்னொன்று. பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரோரம் தரையில் படுத்துக்கொள்வேன். லூர்து என் இடத்தில் நின்று, என் முறை வரும்போது வந்து எழுப்புவாள். முன்கையில் ஊசி போட்டு, அது தடிக்கிறதா என்று பார்த்தார்கள். தடித்தது. கடைசியில் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கும் காட்டினார். முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள். அதில் நடுவே இரண்டு கட்டைகள் கரையான் தின்றதுபோல் அரித்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அவற்றைச் சுற்றி வெளிறிய நிழல். அது சீழ் என்றார். காசநோய்ச் சீழ் மற்றக் கட்டிகளைப்போல் சுடாது, சிவக்காது. உள்ளுக்குள் சத்தமில்லாமல் சேரும். கட்டைகளுக்குப் பின்னால் ஒரு குழாய்க்குள் தண்டுவடம் போகிறது. மூளை காலுக்குச் சொல்வதெல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். சீழோ, உடைந்த எலும்போ அதை நெரித்தால் கால் செத்துவிடும்.

அவர் என் பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளினார். பாதம் தானாகவே தடதடவென்று ஆடியது. என் கால் என் பேச்சைக் கேட்காமல் ஆடுவதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு அர்த்தம், நெரிக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார். "இனிமே நீ உட்காரவே கூடாது."

என்னைக் குப்புறப் படுக்க வைத்து, கழுத்திலிருந்து தொடைவரை மாவுக்கட்டுப் போட்டு, அது காய்ந்ததும் ஓடு மாதிரி எடுத்தார்கள். அதுதான் என் கட்டில். அந்த ஓட்டுக்குள் மல்லாந்து கிடக்க வேண்டும். சாப்பாடு, மலம், ஜலம் எல்லாம் படுத்தபடியே. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது காதுக்குள் ஓயாமல் ஒரு வண்டு ரீங்கரிக்கிற மாதிரி சத்தத்தைக் கொடுத்தது. கைநிறைய விழுங்க வேண்டிய மருந்து ஒன்று வாயெல்லாம் குமட்டும். லூர்து அதற்குப் பின்னால் ஒரு துண்டு நாரத்தங்காய் ஊறுகாயை என் நாக்கில் வைப்பாள். வார்டில் அதற்குத் தடை. முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். ராத்திரிகளில் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கால் கட்டை விரலை ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம். அப்படித்தான் தூங்குவேன்.

இப்படி இருக்கும்போது தோட்டக்காரர் என்னைப் பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, ஒரு கூடை சாத்துக்குடி. லூர்து ஸ்டூலை விட்டு எழுந்து நின்றாள்.

"உக்காரு சாமி, நீ உக்காரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எப்படிங்க இருக்குது பெயிண்டரே? கேள்விப்பட்டதுமே மனசு கேக்கலைங்க. மெட்ராஸ்ல பெரிய டாக்டர் ஒருத்தர் நமக்கு வேண்டியவரு. தனி ரூம்ல வச்சுப் பார்க்கச் சொல்றேன். செலவைப் பத்தி நீங்க நினைக்கவே வேண்டாம்."

"எதுக்குங்க?" என்றேன்.

"ஒரு மனுசனுக்கு மனுசன் செய்யறதுதானுங்க. அப்பறம் அந்தக் கேசு வருது. பழனிதான் ஓட்டுனான்னு நீங்க சொன்னதா போலீஸ்ல எழுதியிருக்குது."

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்களே."

"எழுதியிருக்குதுங்க" என்றார் அவர், குரல் உயராமல். "கோர்ட்டுல வந்து நீங்க எதையும் சொல்ல வேண்டாம். பொய் சொல்லச் சொல்லி நான் கேக்க மாட்டேன், உங்க மதத்துல அது பாவம்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க சும்மா படுத்திருந்தாலே போதும். டாக்டரே எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாரு. உங்களை யாரு குத்தம் சொல்லப் போறாங்க?"

அவர் போனபிறகு நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சாமர்த்தியமான மனிதர். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேனோ அதையே செய்யச் சொன்னார். ஆனால் நான் வாய் திறக்காமல் கிடந்தால், நான் சொல்லாத பொய் என் பேரிலேயே நின்றுவிடும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாம் கட்டளை. சிறு வயதில் புது நன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, படித்த காலத்திலிருந்து அதை ஒப்பித்திருக்கிறேன். படுத்துக்கொண்டே பொய்ச்சாட்சி சொல்ல முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சாத்துக்குடியை வார்டில் எல்லோருக்கும் கொடுத்துவிடச் சொன்னேன். லூர்து என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

சம்மன் வந்தது. டாக்டரிடம் காட்டினேன். "சர்டிபிகேட் எழுதித் தர்றேன், கவலையை விடு" என்றார்.

"சர்டிபிகேட் வேண்டாங்க. நான் போகணும்."

அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "யோவ், நாமக்கல் என்ன பக்கத்துத் தெருவா? அந்த ரோட்டுல ஒரு பள்ளம் போதும்யா. சாகிறவரைக்கும் ஒருத்தர் உன்னைத் தூக்கிட்டுத் திரியணும், தெரியுதா?"

கோர்ட்டே ஆஸ்பத்திரிக்கு வந்து சாட்சி எடுக்க வழி உண்டு என்று பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் சொன்னார். என் மைத்துனன் தேவராஜ், லாரி ஓட்டுகிறவன், அரசாங்க வக்கீலைப் போய்ப் பார்த்தான். குற்றவாளியே ஒப்புக்கொண்ட கேசுக்கு அத்தனை மெனக்கெட முடியாது, உங்கள் மச்சானால் வர முடியாவிட்டால் அவரை விட்டுவிட்டு முடித்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினாராம்.

லூர்து அன்று என்னோடு சண்டை போட்டாள். வார்டே கேட்டது.

"பாவாயி செத்துட்டா. நீங்க போய்ச் சொன்னா எந்திரிச்சு வருவாளா? பழனி அவனா ஒத்துக்கிட்டான். அவனுக்கே வேண்டாம்கிற உண்மை உங்களுக்கு எதுக்குங்க? எனக்கு உங்க கால் வேணும். ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்குது. அதுகளைப் பார்க்கச் சொல்லிக் கடவுள் உங்ககிட்டச் சொல்லலையா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் சொன்னது எல்லாமே சரி. நான் சொன்னது இவ்வளவுதான்: "அவர் சொன்னதுல எனக்கு வசதியானதை மட்டும் கேட்டா, நான் கேக்கறது அவர் பேச்சு இல்லை லூர்து. என் பேச்சு." அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய் அழுதாள். நான் எழுந்து பின்னால் போக முடியாமல் கிடந்தேன்.

அவள்தான் பங்குத் தந்தையைக் கூட்டிவந்தாள், அவர் சொன்னாலாவது கேட்பேன் என்று. அவர் நற்கருணை கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நோயாளியிடம் முடியாததைக் கடவுள் கேட்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட நோயாளிக்கு விலக்கு இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார்.

"பூசைக்கு விலக்கு இருக்குதுங்க ஃபாதர். பொய்க்கும் இருக்குதுங்களா?"

"நீ பொய் சொல்லலையே அப்பா."

"என் பேர்ல சொல்லியாச்சுங்களே. நான் போய் இல்லைன்னு சொல்லலைன்னா அது என்னுதுதானுங்களே."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். பிறகு என் நெற்றியில் சிலுவை போட்டு, "போ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போகாதே என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

கடைசியாக வந்தவள் பழனியின் மனைவி ராசம்மா. அவள் தோட்டக்காரர் தன் தோட்டத்திலேயே கொடுத்த சாளை வீட்டில் குடியிருந்தாள். வந்ததும் என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க வாயைத் திறந்தா எங்க பொழப்பு போச்சுங்க. அவரு உள்ள போயிட்டு வந்துருவாரு. அதுவரைக்கும் சோறு போடறேன், வந்ததும் ஊடு கட்டித் தாரேன்னு பண்ணாடி சொல்லியிருக்காருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வராதீங்க."

என் சுகத்தைத் துறப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது, அவள் வரும்வரை. அவள் கேட்டது என் சுகத்தை அல்ல, அவளுடைய சோற்றை. கடவுளுக்குக் கீழ்ப்படிகிறேன் பேர்வழி என்று அடுத்தவளுடைய அடுப்பை அணைக்கிறேனா? அன்று முழுக்க அந்தக் கேள்வியோடு கிடந்தேன். சாயங்காலம், அவள் வாய் தவறி ஒரு தடவைகூடப் பாவாயியின் பேரைச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தோட்டக்காரரும் சொல்லவில்லை. லூர்து ஒருத்திதான் சொன்னாள், அதுவும் செத்துவிட்டாள் என்று சொல்வதற்கு. நானும் படுத்துக்கொண்டால் பாவாயியைக் கொன்றவன் யார் என்று சொல்ல உலகத்தில் ஆளே இல்லை.

போவது என்று முடிவாயிற்று.

டாக்டரின் பேச்சை மீறிப் போகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, என் நெஞ்சுக்கும் அளவெடுத்து மாவுக்கட்டில் ஒரு மேல் ஓடு செய்யச் சொன்னார். கிளம்புகிற காலையில் தானே வந்து, மேலும் கீழும் ஓடுகளை வைத்து வாரால் இறுக்கினார். நடுவே பலாச்சுளை மாதிரி நான். "போறவன் போறே. ஒழுங்காக் கட்டிட்டாவது போ" என்று திட்டிக்கொண்டே கட்டினார்.

தேவராஜ் லாரியோடு வாசலில் நின்றான். இரண்டு நாள் முன்புவரை என்னைப் பைத்தியக்காரன் என்று திட்டியவன். லாரியில் பாதி உயரத்துக்கு மணல் ஏற்றி, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் மெத்தை போட்டிருந்தான்.

"மணல் எதுக்குடா?"

"வெறும் வண்டி குதிக்கும் மச்சான். பாரம் இருந்தா குதிக்காது. நீங்க பேசாமப் படுங்க" என்றான்.

லூர்து ஏறி என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். என்னோடு பேசுவதை அவள் நிறுத்தியிருந்தாள். ஆனால் வெயில் ஏறியதும் தன் முந்தானையை விரித்து என் முகத்துக்கு நிழல் பிடித்தாள். நாமக்கல் வரைக்கும் கையை இறக்கவே இல்லை. தேவராஜ் மாட்டுவண்டிகள் எங்களை முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கண்ணை மூடிக் கால் விரலை ஆட்டிப் பார்த்தேன். பயம் இருந்ததா என்று கேட்கிறார்கள். பயத்தில் பல் கிட்டிப்போயிருந்தது.

கோர்ட் வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு பலகையில் கிடத்தி என்னை இறக்கினார்கள். வராந்தாவில் செல்வராசு, அவன் அப்பா, அவர்கள் ஆட்கள். தோட்டக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மரியாதைக்கு அல்ல. கூண்டில் ஏற முடியாது என்பதால் மாஜிஸ்திரேட்டின் மேஜைக்கு முன்னால் பெஞ்சில் பலகையை வைத்தார்கள். கடவுள் சாட்சியாக உண்மை சொல்வேன் என்று கூரையைப் பார்த்துச் சத்தியம் செய்தேன்.

ஜீப்பை ஓட்டியது இங்கே நிற்கும் பழனிதானே என்று அரசாங்க வக்கீல் கேட்டார்.

"இல்லைங்க. செல்வராசு. வெளியில நிக்கறாரு. பழனி பக்கத்து சீட்டுல இருந்தாரு."

உண்மையைச் சொன்னதால் அந்த வக்கீலே என்னைப் பிறழ் சாட்சி என்றார். தன்னைக் கூப்பிட்ட தரப்புக்கு எதிராகப் பேசுகிற சாட்சிக்கு அப்படிப் பேர். என்னை மடக்க ஆரம்பித்தார். அந்த நாளில் எனக்கு நோவு இருந்ததா? இருந்தது. நோவில் ஆள் அடையாளம் தப்பாகத் தெரியலாம் இல்லையா?

"நோவு முதுகுலதானுங்க. கண்ணுல இல்லை."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். "இந்த நிலையில் வந்து இதைச் சொல்ல உமக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று வக்கீல் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, வராமல் இருக்கத்தான் தருவதாகச் சொன்னார்கள் என்றேன். யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அதையும் சொன்னேன்.

அப்போது என் பார்வைக்கு எட்டாத பக்கத்திலிருந்து ஒரு சத்தம். தலையைத் திருப்ப முடியாது. லூர்துதான் பிறகு சொன்னாள். பழனி கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். நான் கேட்டது அவன் குரலை மட்டும்தான்: "நான் ஓட்டலீங்க சாமி. நான் ஓட்டவே இல்லீங்க. அந்தப் புள்ளைக்குத் தண்ணி எடுக்கத்தானுங்க ஓடுனேன்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய மறுநாள் காலை கட்டை விரல் ஆடவில்லை. டாக்டர் குண்டூசியால் குத்திக்கொண்டே மேலே வந்தார். தொப்புளுக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியவில்லை. லூர்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன். அதை மறைக்க விரும்பவில்லை. சத்தம் போட்டு அழுதேன். அழுதுகொண்டே, போனது தப்பு என்று ஒரு வார்த்தை என் வாயில் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

பழனி விடுதலையானான். தோட்டக்காரர் அவர்களைச் சாளையிலிருந்து வெளியேற்றினார். ராசம்மா சட்டி பானைகளோடு வார்டுக்கே வந்து என்னைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டாள். நான் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு உரிமை இருந்தது. லூர்துதான் அவள் கையைப் பிடித்துச் செவ்வாய்ப்பேட்டையில் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின்கட்டில் குடிவைத்தாள். தேவராஜ் சொல்லி ஒரு மண்டியில் பழனிக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. பழனி ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வந்து, என்னைப் புரட்டித் துடைத்துவிட்டுப் போவான். அந்த நோய்க்குப் படுக்கைப்புண் எமன். எனக்கு ஒரு புண்கூட வராததற்கு அவன்தான் காரணம். ராசம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

எலும்பு டாக்டர்கள் அறுவை செய்வது என்று தீர்மானித்தார்கள். விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்த வழியாகப் பின்னால் போய், தண்டுவடத்தை நெரிக்கிற சீழையும் செத்த எலும்பையும் சுரண்டி எடுப்பது. அறுவைக்கு முந்தின நாள் டாக்டரிடம் கேட்டேன்: "நான் போகாம இருந்திருந்தா கால் இருந்திருக்குங்களா?"

அவர் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தார். "சொல்ல முடியாதுய்யா. சீழ் சேர்ந்துக்கிட்டேதான் இருந்துச்சு. படுத்திருந்தாலும் போயிருக்கலாம்."

ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா, தெரியாது. அந்த ஆறுதல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கட்டாயம் போகும் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் போயிருப்பேன்.

அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்து வலது காலில் எறும்பு ஊர்வதுபோல் வந்தது. பிறகு விரல். பிறகு முழங்கால். இடது கால் பாதிதான் திரும்பியது. இன்றும் இழுத்துத்தான் நடக்கிறேன். முதுகு கூன். உயரத்தில் பெயிண்ட் அடிக்க முடியாது. கீழ்ப் பலகைகளையும் நம்பர் பிளேட்டுகளையும் உட்கார்ந்து எழுதுகிறேன். தோட்டக்காரர் தன் வண்டிகளை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார். அது அவர் இஷ்டம்.

கேள்விக்கு வருகிறேன். நான் கீழ்ப்படிந்தால் நீ என் காலைக் காப்பாற்று என்று நான் கடவுளோடு பேரம் பேசவில்லை. அவரும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. காலுக்கு ஆபத்தில்லாத இடம்வரைக்கும் கேட்பேன், அதற்கப்புறம் கேட்க மாட்டேன் என்றால் அவர் எனக்குக் கடவுள் அல்ல, குடை. மழையில் பிடித்துக்கொள்ள எனக்குக் குடை தேவைப்பட்டதில்லை. கேட்கிறவர்கள் வேறு ஏதாவது கேளுங்கள்.

செல்வராசுமேல் புது வழக்குப் போட்டார்கள். அதன் முடிவையும் சொல்லிவிடுகிறேன்: அவனுக்குச் சிறை கிடைத்தது, அப்பீலில் குறைந்தது, வெளியே வந்துவிட்டான். பாவாயி செத்தது யாரால் என்பது மட்டும் குறையவில்லை. ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பைவிட, அந்த வழக்குக்குச் சம்மன் வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது.

நாமக்கல் வீட்டுக்குத் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் உள்ளே சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம். போலீஸ்காரர் ஒருவர் காகிதத்தை நீட்டினார். லூர்து மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நான் நடையை நிறுத்தினேன். முதல் சம்மனைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று என்னிடம் கெஞ்சியவள் அவள்.

போலீஸ்காரர் உள்ளே என்னை எட்டிப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டுத்தான் சொன்னார்: "ஒடம்பு முடியலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தீங்கன்னா போதுமுங்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சர்டிபிகேட் எல்லாம் வேண்டாங்க" என்றாள் லூர்து. "அவரு வருவாரு. நானும் கூட வாரேன்."